நீர்ப் பூங்காவில் யார் பொறுப்பு?

சென்ற மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையன்று நமது சங்கத்துக் குடும்பங்களில் பதினொன்று சேர்ந்து, மும்பைக்கு வெளியே உள்ள நீர்ப் பூங்கா ஒன்றுக்கு உல்லாசப் பயணம் சென்று வந்ததை வாசகர்களில் பலர் அறிவர். புகைப்படங்களும் ஜூன் இதழில் வெளியாயின. அந்தப் படங்களில் இடம்பெறாத ஒரு சம்பவத்தைப் பற்றி இப்போது எழுத வேண்டியிருக்கிறது. எழுதலாமா, வேண்டாமா என்று இரண்டு மாதம் தயங்கினோம். காரியதரிசி அவர்கள், "பெயர் ஒன்றும் போடாமல் எழுதுங்கள், அடுத்த முறை போகிறவர்களுக்குப் பயன்படும்" என்று சொல்லி நமது தயக்கத்தைப் போக்கினார்.

பூங்காவின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை நம்மிடம் இருந்தது.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். அலைக்குளத்தில் அலை ஓய்ந்திருந்த நேரம். நம் தங்கையின் மகன், ஏழு வயதுப் பையன், நமது கையைப் பிடித்துக்கொண்டு தன் மார்பளவு நீரில் நின்றிருந்தான். மணி அடித்தது. அலை வரப்போகிறது என்பதற்கு அறிகுறியான மணி அது. குளத்தில் இருந்தவர்கள் அனைவரும் ஆரவாரத்துடன் ஆழமான பக்கத்தை நோக்கி நகர்ந்தனர். முதல் அலையே நமது மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அதைப் பிடிப்பதற்காகப் பையனின் கையை விட்டோம்.

விட்டோம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் நடந்தது அதுதான்.

கண்ணாடியைத் துழாவி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பையன் பக்கத்தில் இல்லை. அப்போதும் நமக்குப் பதற்றம் உண்டாகவில்லை. தாயிடம் போயிருப்பான் என்று எண்ணினோம். தாயோ, மாமாவிடம் இருக்கிறான் என்று நினைத்துத் தன் சிறிய பெண்ணுடன் கரையோரமாக அமர்ந்திருந்தாள். மைத்துனர், இருவரில் ஒருவரிடம் இருப்பான் என்று நினைத்துச் சிற்றுண்டிச் சீட்டு வாங்கச் சென்றிருந்தார். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையை ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அவன் நம்மிடமிருந்து ஐந்தாறு முழத் தொலைவில்தான் இருந்தான். நாம் அவனைக் கண்டும் இருந்தோம்! தலை பின்னுக்குச் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தை ஒட்டித் திறந்திருக்க, கைகளால் நீரை அமுக்கி அமுக்கி ஏதோ ஏணியில் ஏறுபவன்போல் இருந்தான் ஒரு சிறுவன். விளையாடுகிறான் என்று எண்ணிப் பார்வையை வேறு பக்கம் திருப்பினோம். அது நம் பையன்தான் என்பது கூட உறைக்கவில்லை.

கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த மாமி ஒருவர், ஊரிலிருந்து வந்து ஒரு மாதமே ஆனவர், "அந்தப் பிள்ளையைப் பாருங்கோ, அந்தப் பிள்ளையைப் பாருங்கோ" என்று தமிழில் கூவினார். உயர்ந்த பீடத்தில் இருந்த காவல் இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மாமி நீட்டிய விரல் எங்கே காட்டுகிறது என்பதைக் கண்டுகொண்டான். அடுத்த கணம் குதித்தான். இயந்திரத்தையும் யாரோ நிறுத்தினர். பையனைத் தூக்கிக் கரையில் போட்டபோது, இருமி, வாந்தி எடுத்து, பிறகு வாய்விட்டு அழுதான். அந்த அழுகையைப் போல் இனிய ஓசையை நாம் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாம் சேர்ந்து அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

நாம் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்கள். ஆறு வயதில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஆற்றில் இறக்கிவிட்டார் தந்தையார். கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்தவர்கள் நாம். தண்ணீரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் இருந்தது. நம்மைப் போன்ற தகப்பன்மார்களும் மாமன்மார்களும் சங்கத்தில் அநேகர் உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் பிறந்து வளர்வது கல்யாணிலும் டோம்பிவிலியிலும் செம்பூரிலும் உள்ள அடுக்குவீடுகளில். அவர்கள் கண்ட நீர்நிலை குளியலறை வாளி ஒன்றே. நமக்கு நீந்தத் தெரியும் என்பதனால் அவர்கள் மிதப்பார்கள் என்று நாம் நினைப்பது, நமக்கு எழுதத் தெரியும் என்பதனால் கைக்குழந்தை கையெழுத்துப் போடும் என்று நினைப்பதற்குச் சமானம்.

மூழ்குகிறவன் கையை உயர்த்தி ஆட்டுவான், "ஐயோ" என்று அலறுவான் என்று சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மை வேறு. நியூயார்க்கில் கடற்கரைக் காவலராக இருந்த பிராங்க் பியா என்பவர், நீரில் மூழ்கத் தொடங்கியவர்களைத் திரைப்படமெடுத்து ஆராய்ந்து சொன்ன விஷயம் இது: மூச்சுக்குத் தவிக்கிறவனால் பேசவோ கூவவோ இயலாது, மூச்சு விடுவதற்கே நேரம் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரை அமுக்கும். அவற்றை உயர்த்தி ஆட்டவோ, எறியப்பட்ட வளையத்தைப் பற்றவோ அவனால் ஆகாது. உடல் செங்குத்தாக நிற்கும். இந்நிலை 20 வினாடி முதல் 60 வினாடி வரை நீடிக்கும். அதன்பின் ஆள் அமிழ்ந்துவிடுவான். நாம் பார்த்த "ஏணி ஏறும் சிறுவன்" இந்த வருணனையில் ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தான் என்பதைப் பிற்பாடு படித்தபோது உடல் நடுங்கிற்று. விளையாடும் குழந்தை சத்தம் போடும். சத்தம் நின்றுவிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அலைக்குளம் என்பது அப்படியொன்றும் புதிய பொருளன்று. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் 1911-இல் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் காட்டப்பட்ட அலை இயந்திரம் ஒன்றை, அடுத்த ஆண்டில் அருகிலுள்ள ராடபாய்ல் என்னும் ஊரின் நீச்சல் குளத்தில் அமைத்தார்கள். புடாபெஸ்ட் நகரின் கெல்லர்ட் குளியல் மண்டபத்தில் 1927-இல் அலைக்குளம் வந்தது. நமது பக்கத்தில் 1998-இல் கொராயில் வாட்டர் கிங்டமும், 2000-இல் கொச்சியில் வீகாலாண்டும் திறக்கப்பட்ட பிறகே நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பழக்கமாயிற்று. பல குளங்களில் அலை உண்டாகும் முறை இதுதான்: ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னே அறைகள் இருக்கும். பெரிய காற்றாடிகள் அவ்வறைகளில் காற்றைச் செலுத்தும். உள்ளேயுள்ள நீர் அமுங்கி, சுவரின் அடியிலுள்ள திறப்பின் வழியே குளத்துக்குள் தள்ளப்படும். சில நிமிஷம் அலை, சில நிமிஷம் ஓய்வு என்று மாறி மாறி நடக்கும்.

நம்மை ஏமாற்றுவது அந்த ஓய்வு நேரமே. அப்போது குளம் கோயில் தெப்பம்போல் அசையாமல் கிடக்கும். பிள்ளைக்கு மார்பளவு நீர்தானே என்று நின்றுவிடுவோம். ஒரு கணக்குப் பாருங்கள். நம் பையனின் உயரம் 118 சென்டிமீட்டர். அவன் நின்ற இடத்தில் நீர் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்திலிருந்து முகடு வரை 70 சென்டிமீட்டர் உள்ள அலை வந்தால், முகடு அமைதியான நீர்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் எழும்பும். ஆக 125 சென்டிமீட்டர். பையன் தலைக்கு மேல் நான்கு விரற்கடை நீர்! அத்துடன் அலை காலையும் வாரிவிடும். ஒன்று வந்து எழுந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். கடலிலாவது அலைக்கு அலை ஒழுங்கு மாறும். இயந்திரத்துக்குத் தயவு தாட்சண்யம் இல்லை. இயந்திரம் தன் ஒழுங்கையே மீறிவிடுவதும் உண்டு. 2019 ஜூலையில் சீனாவின் லோங்ஜிங் நகரப் பூங்கா ஒன்றில் அலை இயந்திரம் பழுதாகிப் பேரலை ஒன்று எழும்பி 44 பேரைக் காயப்படுத்தியது.

எனவே, குழந்தையை அலை ஓயும் நேரத்து நீர் இடுப்பைத் தாண்டாத இடத்திலேயே நிறுத்த வேண்டும். மணி அடித்ததும் மற்றவர்கள் ஆழத்துக்கு ஓடும்போது நாம் கரைப்பக்கம் திரும்ப வேண்டும். அளவான உயிர்காப்புச் சட்டை கேட்டால் பெரும்பாலான பூங்காக்களில் தருகிறார்கள், கேட்க வெட்கப்படலாகாது. காற்றடைத்த வளையத்தை நம்பி நீந்தத் தெரியாதவர் ஆழத்துக்குப் போவது தகாது. அலையில் வளையம் கவிழ்ந்தால் குழந்தை அதன் நடுத்துளை வழியே நழுவி அடியில் போய்விடும். மேலே மிதக்கும் வளையங்களின் கூட்டத்தில் காவலருக்கும் அது தெரியாது.

காவலர் இருக்கிறாரே என்று கேட்கலாம். தன் பகுதி முழுவதையும் 10 வினாடிக்குள் ஒருமுறை கண்ணோட்டமிட வேண்டும், ஆபத்தில் இருப்பவரை அடுத்த 20 வினாடிக்குள் சென்றடைய வேண்டும் என்பது அத்தொழிலில் பலர் கைக்கொள்ளும் விதி. நல்ல விதிதான். ஆனால் அவர் பார்ப்பது 200 தலைகளை. நாம் பார்க்க வேண்டியது ஒரு தலை.

இங்கேதான் நமது ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். ரெயில்வே புக்கிங் ஆபீஸில் ஷிப்டு மாறும்போது, வருகிறவர் பணத்தையும் சீட்டுகளையும் எண்ணிப் பார்த்து, கையெழுத்திட்ட பிறகே போகிறவர் நாற்காலியை விட்டு எழுவார். பத்து ரூபாய் குறைந்தாலும் கையிலிருந்து போட வேண்டும் என்பதால் எண்ணாமல் வாங்கும் அசடர் எவரும் இல்லை. "எல்லோரும்தானே இங்கே இருக்கிறோம், பணம் எங்கே போய்விடும்" என்று யாராவது சொன்னால் சிரிப்போம். பத்து ரூபாய்க்குச் செய்வதைப் பிள்ளைக்குச் செய்யவில்லை.

இப்போது நம் குடும்பத்தில் ஏற்படுத்தியிருக்கும் வழக்கம் இது. நீருக்கருகில் எந்த நேரமும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கைப்பேசி அவர் கையில் இருக்கலாகாது. மாற்றும்போது, "பையன் உன் பொறுப்பு" என்று வாயால் சொல்ல வேண்டும். மற்றவர் பையனைக் கண்ணால் பார்த்து, "சரி, என் பொறுப்பு" என்று பதில் சொன்ன பின்பே முதல்வர் நகரலாம். தங்கை முதலில் இதைக் கேட்டு, "அண்ணா, வீட்டையும் ஸ்டேஷனாக்கிவிட்டீர்களா?" என்றாள். இப்போது அவளே, பதில் வராவிட்டால் இடத்தை விட்டு அசைவதில்லை.

இனி சறுக்குத் தாரைகளைப் பற்றி. அவற்றின் உயரத்தைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறோம். அஞ்சுவதனாலேயே அங்கே சற்று ஜாக்கிரதையாகவும் இருந்துவிடுகிறோம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து உராய்வு இல்லாமல் இறங்குகிறவனின் வேகம் அடியில் மணிக்கு 50 கிலோமீட்டர். உராய்வினால் உண்மையில் சற்றுக் குறையும். கல்யாணிலிருந்து போகும் ஸ்லோ லோக்கலின் சராசரி வேகமோ 40-ஐத் தொடுவதில்லை. ஆகவே தாரையில் இறங்குகிறவரும் ஒரு வண்டியே.

வண்டிக்கு என்ன சட்டம்? முன்னே போன வண்டி அடுத்த ஸ்டேஷனைச் சேர்ந்து, அங்கிருந்து லைன் கிளியர் வந்த பிறகே பின்வண்டியை விடுவார்கள். ஒரு பிளாக்கில் ஒரு வண்டி. தாரையின் உச்சியில் நிற்கும் சிப்பந்தி கை காட்டுவது லைன் கிளியர் அன்றி வேறில்லை. முன்னே போனவர் அடியிலுள்ள குளத்தை விட்டு வெளியேறினார் என்று அறிந்த பின்பே அவர் கை காட்டுவார். அதற்கு முன் நண்பர்கள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு இறங்குவதும், நடுவழியில் காலை ஊன்றி நின்று பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருப்பதும், இறங்கிய இடத்திலேயே நின்று முகத்தைத் துடைப்பதும் மோதலுக்கு வழி. பற்கள் உடைவதும் கழுத்து மடங்குவதும் இப்படித்தான்.

கால் முன்னே, மல்லாந்து, கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, கணுக்கால்களைப் பின்னிக்கொண்டு இறங்க வேண்டும் என்று சொல்வது வெறும் கெடுபிடி அல்ல. செங்குத்தான தாரைகளில் கால்கள் விரிந்திருந்தால், அடியில் நீரைத் தொடும்போது அது வேகத்துடன் உடலுக்குள் பாய்ந்து உள்ளுறுப்புகளைக் காயப்படுத்திய சம்பவங்களை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குறிப்பாகப் பெண்களுக்கு இது நேரக்கூடும். வெட்கத்தினால் யாரும் சொல்லாமல் விடுவதால் இங்கே எழுதினோம். கர்ப்பிணிகளும், இருதயம், முதுகெலும்பு இவற்றில் கோளாறு உள்ளவர்களும் தாரைப் பக்கம் போக வேண்டாம்.

உயரக்கோல், எடைத் தராசு இவை குறித்துச் சிலர் சிப்பந்தியோடு வாதாடுவதைக் கண்டோம். "அரை அங்குலம்தானே குறைகிறது, விடு பாய்!" அமெரிக்காவில் கான்சஸ் நகரில் 2014-இல் 51 மீட்டர் உயரத்தில் ஒரு தாரையைத் திறந்தனர், உலகிலேயே உயரமானது என்ற பெருமை அதற்கு. மூவர் அமரும் மிதவையில் இறங்க வேண்டும். மூவரின் மொத்த எடைக்கு ஓர் அளவும் வைத்திருந்தனர். 2016 ஆகஸ்டில் மிதவை இடையிலுள்ள மேட்டில் ஏறியபோது காற்றில் எழும்பி, மேலே வலையைத் தாங்கிய சட்டத்தில் மோதியதால் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். பிறகு அந்தத் தாரையையே பிரித்துவிட்டார்கள். எடையும் உயரமும் வண்டியின் பாரக் கணக்கைப் போன்றவை. நாம் பேரம் பேசுவதற்கு அவை காய்கறி அல்ல.

உடை விஷயத்தில் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவோம். நைலான் உடை இல்லாமல் பெரும்பாலான இடங்களில் நீரில் இறங்க விடுவதில்லை. புடைவையும் துப்பட்டாவும் நனைந்தால் கனத்து, காலைச் சுற்றும். தாரையின் இணைப்புகளில் சிக்கும். சங்கிலி, வளையல், கொலுசு, மெட்டி எல்லாம் அப்படியே. பிறர் தோலையும் கீறும். பின்னலை இறுக முடிந்து தொப்பிக்குள் அடக்க வேண்டும், நீரை உறிஞ்சும் துவாரங்களின் அருகில் தலையைக் கொண்டுபோகவே கூடாது. தாலிச் சரடைக் கழற்ற மனம் வராதவர்கள் தாரையில் ஏறாமல் கரையில் இருப்பதே மேல். நாம் மேலே சொன்ன மாமி அப்படித்தான் இருந்தார். "நான் கழற்ற மாட்டேன், நீங்கள் போய் ஆடுங்கள்" என்று காலையில் அவர் சொன்னபோது இளைஞர்கள் கேலி செய்தார்கள். அன்று முழுவதும் குளத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவர் அவர் ஒருவரே.

இன்னொன்று பாஷை. பலகைகளில் இங்கிலீஷும் ஹிந்தியும் மராத்தியும் இருக்கின்றன. தமிழ் இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. ஊரிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் பாட்டி தாத்தாக்களுக்கு வாசலிலேயே விதிகளைப் படித்துச் சொல்லிவிட வேண்டும். "ருக்கோ" என்றால் நில், "ஹட்டோ" என்றால் விலகு, "பீச்சே" என்றால் பின்னால், "பச்சாவோ" என்றால் காப்பாற்று. இந்த நான்கு சொற்கள் போதும்.

அசம்பாவிதம் நேர்ந்தால் என்ன செய்வது? நம் ஊர்களில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள், வயிற்றை அமுக்குவார்கள், குயவன் சக்கரத்தில் கிடத்திச் சுற்றுவார்கள். அன்று கூட ஒருவர் பையனின் காலைப் பிடித்துத் தூக்க வந்தார்! இவை யாவும் தவறு. வயிற்றிலிருந்து வரும் நீரும் உணவும் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பொன்னான நேரமும் வீணாகும். மூச்சு இல்லாதவரைக் கட்டாந்தரையில் மல்லாத்தி, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும். அசைவில்லையெனில் மார்பின் நடுவே 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊதி, உதவி வரும்வரை இதையே தொடர வேண்டும். அதற்குள் வேறொருவர் 108 அல்லது 112-க்கு அழைக்கட்டும். படித்து மட்டும் இதைச் செய்துவிட முடியாது. ஒருமுறையாவது பொம்மையின்மேல் பழக வேண்டும்.

பிழைத்து எழுந்தவரையும் அப்படியே விட்டுவிடலாகாது. நம் பையனைச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் காட்டினோம். விடாத இருமல், வேகமான மூச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கம் இவை சில மணி நேரம் கழித்துத் தோன்றினாலும் உடனே கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர். அன்றிரவு வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. பையன் மட்டும் நன்றாக உறங்கினான், மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

போகிற போக்கில் ஒன்று: வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளை அழைத்துவர வேண்டாம். குளத்தில் குளோரின் கலந்திருந்தாலும் அதற்குச் சாகாமல் பல நாள் இருக்கும் கிருமி உண்டு. நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுப்பது நலம்.

பையன் ஒரு மாதம் தண்ணீர் என்றாலே ஒதுங்கினான். ஜூலை முதல் நகராட்சி நீச்சல் குளத்தில் ஆசிரியர் ஒருவரிடம் விட்டிருக்கிறோம். நாமும் கரையில் நிற்கிறோம், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் தலையில் கட்டிக்கொண்டு. அவன் இறங்குமுன், "மாமா, இப்போது நான் யார் பொறுப்பு?" என்று கேட்கிறான். பதில் சொன்ன பிறகே குதிக்கிறான்.

சங்கத்தின் அடுத்த பயணம் ஜனவரியில் இருக்கும் என்று காரியதரிசி அவர்கள் தெரிவிக்கிறார்கள். அதற்கென நீள நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கியிருக்கிறோம். பெயர் கொடுப்பவர்கள் ஒவ்வொரு குழந்தையின் வயது, உயரம், நீந்தத் தெரியுமா என்பது, காலை நேரப் பொறுப்பாளர், மாலை நேரப் பொறுப்பாளர் ஆகிய விவரங்களையும் சேர்த்துத் தர வேண்டும். பொறுப்பாளர் கலத்தில் "எல்லோரும்" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.